தனக்கெதிராக ஏலம் கேட்டவள்

1

இந்தக் கதை எனக்குச் சரளைக்கல் கூட்டும்போது கிடைத்தது.

ஓஸ்லோவில் பனி உருகி முடிந்ததும் எங்கள் குடியிருப்பில் பொதுவேலை நாள் வரும். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்கத் தூவிய சரளையை எல்லோரும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும். வேலிக்குச் சாயம் அடிக்க வேண்டும். முடிந்ததும் சாசேஜ் சுட்டுத் தின்னலாம். வராதவர்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த பொதுவேலை நாள் வரைக்கும் எதுவுமே சொல்ல மாட்டார்கள்.

அன்று என் பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர் மூன்றாவது மாடிக்காரர். நான் இரண்டாவது மாடி. ஒரே படிக்கட்டு. அதுவரை தலையசைத்ததோடு சரி. கையில் துடைப்பம் இருந்தால் இங்கே யாராக இருந்தாலும் பேசுவார்கள். சரளைக் குவியலுக்கும் சாசேஜுக்கும் நடுவில் அவர் அந்த மூன்றாவது மாடி வீடு கைமாறிய கதையைச் சொல்லி முடித்தார்.

"எழுதலாமா?" என்றேன்.

"எழுதுங்க. பேரை மாத்திடுங்க. தொழிலையும். முடிவைச் சொல்லாதீங்க."

"முடிவை ஏன்?"

"கீழ் வீட்டுக்காரங்க படிப்பாங்க."

"நான் தமிழ்ல எழுதறவன்."

"இந்தக் கட்டடத்துல எதையும் நம்ப முடியாது."

மாற்றிவிட்டேன். கதையில் டிராம் ஓட்டும் சுன்னிவா உண்மையில் டிராம் ஓட்டவில்லை. கப்பலில் சமைக்கும் தூர்லெய்ஃப் கப்பலில் சமைக்கவில்லை. வீடு ஒன்றுதான். இருவரும் தேடியது வாழ்க்கையின் முதல் சொந்த வீடு. அவர்களில் ஒருவர் இப்போது என் தலைக்கு மேலே நடமாடிக்கொண்டிருக்கிறார்.

2

தொடக்கங்கள்.

வீடு என்பது வெறும் நான்கு சுவர்

(வேண்டாம். இது எல்லோருக்கும் தெரியும். பெயின்ட் விளம்பரத்திலும் வரும்.)

சுன்னிவாவுக்கு முப்பத்தொரு வயதாகியும் இன்னும் சொந்தமாக ஒரு

(இதில் பரிதாபம் ஏறுகிறது. சுன்னிவாவுக்கு நல்ல வேலை, நல்ல பசி. வீடு மட்டும்தான் இல்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை

(எந்த ஞாயிற்றுக்கிழமை இல்லை?)

நான்காவதை வைத்துக்கொள்கிறேன்:

சுன்னிவா காலணிக்கு மேல் நீல பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணம் பச்சை ஆப்பிள். அவள் இதுவரை பார்க்கப்போன எல்லா வீட்டிலும் அது இருந்தது. தரகர்கள் ஒரே கிண்ணத்தைத்தான் தங்களுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள் என்று அவளுக்கு ஒரு சந்தேகம். அந்த வீடுகள் எல்லாவற்றையும் அவள் ஏலத்தில் தோற்றிருந்தாள். தோற்றதைத் தோழிகளிடம் சொல்வதை நிறுத்தியும் நாளாயிற்று.

அவள் குடியிருந்தது ஒரு நிலவறை. ஜன்னலில் தெரிவது போகிறவர்களின் கணுக்கால். யார் புது பூட்ஸ் வாங்கினார்கள் என்பது தெருவில் அவளுக்குத்தான் முதலில் தெரியும். வீட்டுக்காரரின் மகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வருகிறாள். கிறிஸ்துமஸுக்குள் காலி செய்ய வேண்டும்.

இந்த வீட்டுச் சமையலறையில் ஒரு ஜன்னல். கீழே சரிவு, சரிவின் அடியில் ஃபியோர்டு என்னும் கடற்கழி, அதில் இரண்டு தீவுகள். சுன்னிவா பார்த்தாள். உடனே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டைவிட அதிகமாக மற்றவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு பெரிய மனிதர் இழுப்பறைகளைத் திறந்து இடுப்பால் மூடிக்கொண்டிருந்தார்.

"கடல்ல இது நிக்காது," என்றார்.

"எது?"

"இந்த இழுப்பறை. ஒரு அலை வந்தா கரண்டி பூராவும் தரையில." மறுபடி மூடினார். "பரவால்ல. மூணாவது மாடிக்கு அலை வராது."

பெயர் தூர்லெய்ஃப். வாலிபத்திலிருந்து கரையோரக் கப்பலில் சமையல். முட்டி ஒத்துழைக்காததால் இறங்கிவிட்டார்.

"இதுவரைக்கும் எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கப்பல்ல அறை குடுத்தாங்க. லீவுல அக்கா வீட்டு சோபா. அக்கா நல்லவ. சோபாதான் கெட்டது." ஜன்னலைக் காட்டினார். "இதுல இப்ப தெரியுது பாரு, அது நாளைக்கும் தெரியும். எனக்கு அதுதான் பெரிய விஷயம்."

சுன்னிவா பேச்சை மாற்றினாள். அதே ஜன்னலைப் பற்றி அவளுக்கும் சொல்ல இருந்தது.

"இங்க முதல்ல என்ன சமைப்பீங்க?"

"மீன் சூப். புளிச்ச கிரீமை அடுப்ப அணைச்ச பிறகு ஊத்தணும். எல்லாரும் கொதிக்கிறப்பவே ஊத்தித் திரிய விட்டுடறாங்க."

"நானும் அப்படித்தான் செய்றேன்."

"இனிமே செய்யாத."

(இந்த சூப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் எனக்குத் தேவைப்படும்.)

3

அடிக்குறிப்பு. அடியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. ஆகவே நடுவில்.

இங்கே வீட்டு ஏலம் போனில் நடக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. கேட்பவருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் அது வாக்கு. திரும்பப் பெற முடியாது. கேட்கும் ஒவ்வொரு விலைக்கும் ஒரு கெடு. அதற்குள் இன்னொருவர் ஏற்றினால் ஆட்டம் தொடரும்.

தொகைகளை எழுதப்போவதில்லை. இதை நீங்கள் படிக்கும்போது அவை ஒன்று சிரிப்பாக இருக்கும், இல்லையென்றால் அழுகையாக இருக்கும். கதைக்கு இரண்டும் உதவாது.

4

ஏலத்தன்று சுன்னிவாவுக்கு வேலை. டிராம் ஓட்டும்போது போன் பைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பாதையின் ஒரு முனையில் ஏலம் கேட்டாள், மறு முனையில் பதில் பார்த்தாள். கெடுவும் அரை மணி, பாதையும் ஏறக்குறைய அரை மணி. நகரத்தைக் குறுக்கே கடக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டின் விலை கொஞ்சம் ஏறியிருந்தது.

சுன்னிவா எண் நான்கு. முதலில் ஐந்து பேர் இருந்தார்கள். மதியத்துக்குள் எண் இரண்டும் எண் நான்கும் மட்டும்தான் மிச்சம். அவள் ஏற்றினாள். எண் இரண்டு ஏற்றியது. வங்கி சொன்ன எல்லையைத் தொட்டாள். இனி ஏற்ற முடியாது.

கடைசி நிறுத்தத்தில் தரகர் அழைத்தார். சற்று முன்புதான் அவள், முன்னால் ஒரு வண்டி நிற்பதால் தாமதம் என்று மைக்கில் அறிவித்திருந்தாள்.

"எண் ரெண்டு மறுபடி ஏத்திட்டாங்க. நீங்க என்ன செய்றீங்க?"

"எவ்வளவு?"

தரகர் சொன்னார். அவள் அதை நம்பாமல் உரக்கத் திருப்பிச் சொன்னாள்.

"ஆமா."

"விட்டுட்டேன். இதுக்கு மேல என்கிட்ட இல்ல. நிஜமாவே இல்ல."

வைத்த பிறகுதான் மைக்கின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

கண்ணாடியில் பயணிகள் தெரிந்தார்கள். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. நல்ல மனிதர்கள். அவள் மைக்கை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மாள் இறங்கும் வழியில் ஓட்டுநர் கதவருகே நின்றார். "இன்னும் ஒரே ஒரு தடவை ஏத்திப் பாத்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

பின்னால் காளான் கூடையோடு வந்தவர், "அவங்க சொல்றதக் கேக்காதீங்க. அந்த விலைக்குப் பைத்தியக்காரன்தான் வாங்குவான்," என்றார்.

சுன்னிவா சிரித்துவிட்டாள். கண்ணில் நீரும் வந்தது. மழைத் துடைப்பானைப் போட்டாள். வெளியே மழை இல்லை.

(காளான் கூடைக்காரர் என் கற்பனை. அம்மாள் உண்மை.)

5

வேலை முடிந்து அப்பாவை அழைத்தாள். ஒட்வார், ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், ஹாமாரில் தனியாக இருக்கிறார். போனில் அவர் யோசித்தால் ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும் கேட்கும்.

"போச்சுப்பா."

"எது?"

"வீடுதான். கடைசி வரைக்கும் கேட்டேன். எண் ரெண்டுக்குப் போயிடுச்சு."

"அது எந்த வீட்டுச் சங்கத்தோடது?"

சொன்னாள். ஃப்ரிட்ஜ் கேட்டது.

"நீ எதுக்கு ஏலம் கேட்ட?"

"வீடு வேணும்னுதான்."

"கேக்கவே வேண்டாமே. பொறந்த வாரத்துலேருந்து நீ அந்தச் சங்கத்துல மெம்பர்."

"என்னப்பா சொல்றீங்க?"

"உனக்குப் பேர் வச்ச அன்னிக்கு எல்லாரும் வெள்ளிக் கரண்டி கொண்டுவந்தாங்க. உங்க அத்தை, மாமா, பக்கத்து வீடு, எல்லாம் கரண்டி. ஒரு குழந்தை எத்தனை கரண்டியில சாப்பிடும்? நான் உன்னைச் சங்கத்துல சேத்துவிட்டேன். என் சந்தா கட்டும்போது உன்னுதையும் கட்டிட்டு வரேன்."

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீ கேக்கலியே."

இங்குள்ள வீட்டுச் சங்கங்களில் ஒரு வழக்கம். ஏலம் முடிந்த பிறகும் வீடு உடனே வென்றவருடையதாகாது. சில நாள் காத்திருப்பார்கள். அதற்குள் பழைய உறுப்பினர் யாராவது வந்து, அதே விலைக்கு எனக்கு வேண்டும் என்றால், வென்றவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பலர் கேட்டால் மூத்த உறுப்பினருக்கு முன்னுரிமை. சுன்னிவாவுக்கு இந்த வழக்கம் தெரியும். அது வேறு யாருக்கோ உரிய அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள்.

அவள் கணக்குப் போட்டாள். நின்றுகொண்டிருந்தவள் உட்கார்ந்தாள்.

"அப்பா. நான் ஏலமே கேக்காம இருந்திருந்தா?"

"எண் ரெண்டு கம்மி விலைக்கு எடுத்திருப்பாரு. அந்த விலைக்கே நீ வாங்கியிருக்கலாம்."

"அப்ப நான் நாள் பூரா ஏத்தினது?"

"உனக்கேதான் ஏத்திக்கிட்ட."

ஃப்ரிட்ஜ்.

"விடாம கேட்டியா?" என்றார் அப்பா.

"விடவே இல்ல. வங்கி போட்ட எல்லை வரைக்கும்."

"என் பொண்ணு," என்றார். குரலில் பெருமைதான் இருந்தது.

எண் இரண்டு கடைசியாகச் சொன்ன விலை அவள் எல்லைக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சத்தை அப்பா தருவதாகச் சொன்னார். வெள்ளிக் கரண்டிகளை விற்றால் போதும் என்றார். கெடு வியாழக்கிழமை நண்பகல். சுன்னிவா அந்த இரவு நிலவறையில் குதித்தாள். தலை கூரையில் இடித்தது.

6

இங்கே ஒரு பத்தி இலையுதிர்காலத்தைப் பற்றி இருந்தது. எடுத்துவிட்டேன்.

7

புதன்கிழமை காலை கடைசி நிறுத்தத்தில் சுன்னிவா வண்டியிலிருந்து இறங்கி காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். இறங்கிய பயணிகளில் ஒரு பெரிய மனிதர் அவளைப் பார்த்து நின்றார்.

"நீ அந்த ஆப்பிள் வீட்டுல பாத்த பொண்ணுதானே."

"ஆமா. சூப்புக்காரர்."

தூர்லெய்ஃப் கையில் அளவுநாடா வைத்திருந்தார். "எனக்குக் கிடைச்சிடுச்சு," என்றார். "அந்த வீடு. இங்க ஒரு கடையில அலமாரி பாக்க வந்தேன். ஒரு எண் நாலு, கடைசி வரைக்கும் விடல. என்ன பிடிவாதம். நான் அக்கா சோபாவுல உக்காந்து நகம் கடிச்சதுதான் மிச்சம்."

சுன்னிவாவின் காப்பி திடீரென்று சூடாகிவிட்டது போல அவள் அதைக் கைமாற்றிப் பிடித்தாள்.

"நீயும் கேட்டியா?"

"கொஞ்சம் கேட்டேன்."

"அடடா. உனக்கும் கிடைச்சிருக்கலாம்." அவர் அதை உண்மையாகவே சொன்னார். "இன்னும் முடியல, தெரியுமில்ல. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஏதாவது பழைய மெம்பர் வந்து கேக்கலாம். பொறந்தப்பவே பேர் எழுதி வச்ச பிள்ளைங்க இருக்காங்களாம். அவங்க அப்பனுக்கெல்லாம் என்ன மூளை பாரு. எங்கப்பா எனக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் குடுத்தாரு. அதுவும் ஒரு சைஸ் பெருசு."

"வந்து கேட்டாங்கன்னா என்ன செய்வீங்க?"

"என்ன செய்றது. சட்டம். சோபாவுக்குத் திரும்ப வேண்டியதுதான்." அளவுநாடாவை இழுத்து விட்டார். அது சரக்கென்று உள்ளே போனது. "ஆனா பாரு, நான் ஜன்னல் அகலத்த அளந்துட்டேன்."

வண்டி கிளம்பும் நேரம். சுன்னிவா ஏறிக் கதவைச் சாத்தினாள். மைக் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

8

தூர்லெய்ஃப் மேல் எனக்கே சந்தேகம் இருக்கிறது.

முதல் பிரதியில் எண் இரண்டை வேறு ஆளாக்கியிருந்தேன். ஏற்கெனவே மூன்று வீடு வைத்திருந்து, நான்காவதை வாடகைக்கு விட வாங்க வந்தவர். அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை. சுன்னிவா உரிமையைக் கேட்டாள், வீடு கிடைத்தது, கதை முடிந்தது. படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் யாரும் ஒரு நிமிடம்கூடத் தயங்கவில்லை. தயங்காத கதையை எழுதுவதற்குப் பதில் தரகரின் விளம்பரத்தை எழுதலாம். ஆகவே எண் இரண்டுக்கு முட்டிவலி கொடுத்தேன். அக்காவின் சோபாவையும் ஒரு ஜன்னலையும் கொடுத்தேன்.

சுன்னிவா என் எதிரில் வந்து, "நீங்க வீட்டுல வசதியா உக்காந்துகிட்டு எனக்கு எதிர்ல ஒரு நல்ல மனுஷனக் கொண்டாந்து நிறுத்தறீங்க," என்றால் தலையாட்டத்தான் முடியும்.

மூன்றாவது மாடிக்காரருக்கு இதுவரை படித்துச் சொன்னேன், அவர் மொழியில்.

"அந்த ஆளு இவ்வளவு நல்லவரா இருக்க வேண்டாம்," என்றார். "கொஞ்சம் குறட்டை விடட்டும்."

"அவள்?"

"அவளும் இவ்வளவு பொறுமைசாலி கிடையாது. டிராமுக்கு யாராவது ஓடி வர்றதப் பாத்துகிட்டே கதவச் சாத்தட்டும்."

சேர்த்துக்கொள்கிறேன். தூர்லெய்ஃப் குறட்டை விடுவார். சுன்னிவா கதவைச் சாத்துவாள். தன்னைப் பற்றிச் சொல்கிறாரா மற்றவரைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை.

9

முடிவுகள் கைவசம் சில இருக்கின்றன.

அவள் உரிமையைக் கேட்கிறாள். வீடு அவளுடையது. தூர்லெய்ஃப் அளவுநாடாவோடு அடுத்த வீட்டைப் பார்க்கப் போகிறார், அங்கேயும் ஆப்பிள். சட்டப்படி சரி. அவள் கிறிஸ்துமஸுக்கு முன் குடிபோகிறாள். ஜன்னல் துணி தைக்கும்போது அகலம் அளக்க வேண்டி வருகிறது. அப்போது அவள் கொஞ்சம்

(இந்த வாக்கியத்தை முடித்தால் நான் அவளைக் குற்றம் சொன்னதாகும். அவள் குற்றம் எதுவும் செய்யவில்லை.)

அவள் கேட்கவில்லை. தூர்லெய்ஃப் குடிபோகிறார். அவள் டிசம்பரில் ஒரு தோழியின் வீட்டில் பெட்டிகளோடு. தோழியிடமும் ஒரு சோபா. நல்ல மனசு என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனசுக்குக் கூரை கிடையாது.

இருவரும் அந்த வீட்டைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இதை ஒரு நண்பர் சொன்னார், அவர் வெயில் நாட்டுக்காரர். இங்கே மழையிலும் பேருந்து நிறுத்தத்துக் கூரைக்குக் கீழே இரண்டு பேர் சேர்ந்து நிற்க மாட்டார்கள்.

அவளைவிட மூத்த உறுப்பினர் ஒருவர் எங்கிருந்தோ வந்து இருவரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறார். இதுதான் அடிக்கடி நடப்பது. ஆகவே வேண்டாம்.

10

வியாழக்கிழமை. நண்பகலுக்குச் சற்று முன் சுன்னிவா கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினாள். போனை எடுத்தாள். அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, எண் ரெண்டு யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

சொன்னாள். சூப், முட்டி, சோபா, பூட்ஸ், எல்லாம். ஃப்ரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்கியது.

"ஒரு சைஸ் பெருசா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"எங்கப்பாவும் அப்படித்தான் வாங்குவாரு."

"நான் கேட்டா என்ன, கேக்காட்டி என்னப்பா?"

"கேட்டா, வீடு உன்னோடது. சீனியாரிட்டி தீந்துடும். மறுபடி புதுசா, பொறந்த குழந்தை மாதிரி ஆரம்பிக்கணும்."

"கேக்காட்டி?"

"அது எங்கயும் போகாது. அங்கயே இருக்கும். இன்னும் பழசாகும்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் உனக்குக் குடுத்துட்டேன். இனி நான் என்ன நினைக்கிறது. நான் ரெண்டு கரண்டிய வித்தும் ஆச்சு. அதப் பத்திக் கவலப்படாத. கரண்டிய வாங்கின ஆளு திருப்பிக் குடுக்கிறேங்கிறாரு, மங்கலா இருக்காம்."

அவள் சிரித்தாள். கண்ணாடியில் பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளும் இருந்தார். இந்த முறை ஓட்டுநர் கதவுக்கு மிக அருகில் உட்கார்ந்தார்.

சுன்னிவா போனில் சங்கத்தின் எண்ணைத் தேடி எடுத்து

11

நேற்று மாலை படிக்கட்டில் மீன் சூப் வாசனை. மூன்றாவது மாடியிலிருந்து.

இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தூர்லெய்ஃப் சமைத்திருக்கலாம். அவர் சொல்லிக்கொடுத்தபடி சுன்னிவாவும் சமைத்திருக்கலாம்.

கதவு திறந்தது. "அளவு தெரியாம நிறைய வச்சுட்டேன். வாங்க."

போனேன். கிரீம் திரியாமல் இருந்தது. சமையலறையில் ஒரு இழுப்பறை. கரண்டிகள் உள்ளே இருந்தன. வெள்ளியா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டே ஜன்னலைப் பார்த்தோம். இரண்டு தீவுகள். முந்தின நாளும் அவைதான்.

"முடிவ எழுதிட்டீங்களா?"

"இல்லை."

"நல்லது. இன்னொரு கரண்டி ஊத்தட்டுமா?"

ஆகவே முடிவு இன்னும் விற்பனையாகவில்லை. ஏலம் விடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், நீங்களும் உங்களுக்கெதிராகவே கேட்டுக்கொள்வீர்கள். சரளைக்கல் கூட்டியதிலிருந்து கூடவே வருகிறீர்கள். உங்களைவிட மூத்த உறுப்பினர் இந்தக் கதைக்கு இல்லை. சுன்னிவா போனோடு உட்கார்ந்திருக்கிறாள், நண்பகல் நெருங்குகிறது, அந்த அம்மாள் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். அவள் அழைத்தாளா இல்லையா என்று சொல்லும் உரிமை உங்களுடையது.

பயன்படுத்தினால் தீர்ந்துவிடும். பயன்படுத்தாவிட்டால் எங்கும் போகாது. இன்னும் பழசாகும்.